எதுக்கு என்று கேட்ட கடை

மதுரை புது மண்டபத்துக்குள் காலடி வைத்தால் முதலில் இருட்டு, அப்புறம் வாசனை. வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு யாளியும் நாயக்க மன்னர்களின் சிலைகளும் புலப்படச் சற்று நேரமாகும். அதற்குள் மூக்கு முந்திக்கொள்ளும். தையல் மிஷின்களுக்குப் பக்கத்தில் கஞ்சி மணக்கும் புதுத்துணி, புத்தகக் கடையில் பெரிய எழுத்துக் கதைகளும் பஞ்சாங்கங்களும் அடுக்கிவைத்த தாள் மணம், பித்தளைக் கடையில் புளி, எல்லாவற்றுக்கும் மேலே சாம்பிராணி.

1982ல் எனக்குப் பத்து வயது. அப்பத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒரு பூசைச் சாமான் கடைக்குப் போவேன். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்று எழுப்பிய மண்டபம் அது. 124 தூண்கள். அதில் ஒரு தூணை ஒட்டி, ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்குத்தான் கடை. சுற்றிலும் தகர டப்பாக்கள். தலைக்கு மேல் ருத்திராட்ச மாலைகள், மணிச் சரங்கள், ஒரு நூல்கண்டு. கடைக்கார அண்ணாச்சி எதற்கும் எழுந்திருக்க வேண்டியதில்லை. கை நீட்டினால் கிடைக்கும் தூரத்தில் அவருடைய உலகம் முழுவதும் இருந்தது.

அப்பத்தா மடியில் இருந்து ஐயர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து நீட்டுவாள். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிப்பார். பிறகு அந்தக் கேள்வி வரும்.

"எதுக்குத்தா?"

"சின்னவன் வீடு கட்டியிருக்கான். பால் காய்ச்சுறோம்."

"அப்பச் சமித்து ஒரு கட்டு போதும். ரெண்டு எழுதியிருக்காரு. நவதானியமும் கால் படி எதுக்கு? கைப்பிடி போதும்." பேனாவை எடுத்து அவரே அடித்துவிடுவார். தன் வரவைத் தானே குறைத்துக்கொள்ளும் கடைக்காரரை அப்போது நான் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. கடை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எவ்வளவு நீளமான சீட்டாக இருந்தாலும் முதலில் மஞ்சளைத்தான் எடுத்து வைப்பார். எது தீர்ந்துபோயிருந்தாலும் "இல்லை" என்ற சொல் அவர் வாயில் வராது. "குங்குமம் நிறைஞ்சிருக்குத்தா, வெள்ளிக்கிழமை வாங்க" என்பார். தீர்ந்துபோனதை நிறைந்தது என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்கும் உண்டு. மங்கலப் பொருளுக்கு முன்னால் இல்லாமையைப் பேசக் கூடாது. காலையில் முதல் ஆளாகப் போனால் போணி பண்ணும் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கைராசிக்காரி என்று அப்பத்தாவுக்கு அங்கே பெயர். கொசுறாக இரண்டு சூட வில்லைகள் அவளுக்கு, ஒரு கல்கண்டு எனக்கு.

ஒரே ஒரு வகைச் சீட்டுக்கு மட்டும் அவர் எதுக்கு என்று கேட்கமாட்டார். எள்ளும் தர்ப்பையும் முதல் வரியில் இருந்தால் குரலைத் தாழ்த்தி, "யாரு?" என்பார். பெயரைக் கேட்டதும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். கட்டிய பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் பலகை மேல் வைப்பார். "போயிட்டு வாங்க" என்று சொல்லமாட்டார். சாவுச் சாமான் வாங்க யாரையாவது மறுபடி வரச் சொல்வார்களா?

*

அந்த "எதுக்கு"க்குள் எவ்வளவு அறிவு இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

கற்பூரம் கேட்டு வருகிறவரிடம், "சாமிக்குக் காட்டவா, பொங்கல்ல போடவா?" என்பார். இரண்டும் வேறு. ஆரத்தித் தட்டில் எரியும் சூடம் இன்று பெரும்பாலும் டர்பென்டைன் எண்ணெயில் இருந்து ஆலையில் செய்யப்படுவது. சர்க்கரைப் பொங்கலிலும் தீர்த்தத்திலும் கிள்ளிப் போடுவது பச்சைக் கற்பூரம். அதையும் சிட்டிகைக்கு மேல் போடக் கூடாது. சூடத்தைத் தின்றால் நஞ்சு, சின்னக் குழந்தைக்கு வலிப்பே வந்துவிடும். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வாசனை. பெயரிலும் கற்பூரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் நின்று பிரித்துக் கொடுத்தது அந்த ஒரு கேள்வி.

குத்துவிளக்கு வாங்கப் போனால், "வீட்டுக்கா, கோயிலுக்கா, சீர் வைக்கவா?" சீர் என்றால் பெண் அதை எங்கே கொண்டுபோகிறாள், பெட்டிக்குள் அடங்க வேண்டுமா என்று அடுத்த கேள்வி. நாச்சியார்கோவில் விளக்கை அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சிப் பிரபை என்று தனித்தனியாகக் கழற்றிக் காட்டுவார். மரையைத் திருகித் திருகி ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். தராசில் எடைபோட்டுத்தான் விலை. விரலால் சுண்டுவார். நல்ல வார்ப்பின் ஓசை நின்று அடங்கும். "காதால வாங்கணும்மா" என்பார். சாம்பிராணியை மூக்கால், ருத்திராட்சத்தை விரலால், விளக்கைக் காதால். கண்ணை நம்பி அவர் எதையும் விற்றதில்லை. இன்று நாம் இணையத்தில் வாங்குவது எல்லாம் கண்ணால் மட்டுமே.

*

தூர தேசத்தில் இருந்து சாமான் வருவது நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பூசை அறை என்பது எப்போதுமே ஒரு சின்னத் துறைமுகம். சாம்பிராணி சுமத்ரா மரத்தின் பிசின். ருத்திராட்சம் நேபாள மலையில் இருந்தும் ஜாவாவில் இருந்தும் வந்தது. சாளக்கிராமம் கண்டகி ஆற்றின் கல். கடல்வாழ் உயிரின் புதைபடிவம் அதற்குள் சுருண்டிருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் துறைக்குப் பக்கத்தில், லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு பொறித்தது. நம் ஆட்கள் 900 ஆண்டுகளுக்கு முன்பே வாசனை தேடிக் கடல் தாண்டி, அங்கே கல்லில் கணக்கு எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஆகவே தூரம் புதிதல்ல. சுமத்ராவுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே பத்துக் கைகள் இருந்தன. கடைசிக் கை அண்ணாச்சியுடையது. அந்தக் கைக்கு முகம் இருந்தது. சாம்பிராணி மட்டமாக இருந்தால் மறுநாள் அப்பத்தா அந்த முகத்தைப் பார்த்துக் கேட்பாள் என்ற பயம் அதற்கு இருந்தது. இப்போது மற்றக் கைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, அந்தக் கடைசிக் கை மட்டும் காணாமல் போயிருக்கிறது.

*

ஆனால் அந்தக் கேள்வி எல்லோருக்கும் இனித்ததில்லை. இதைச் சொல்லாமல் பழைய கடையைப் புகழ்ந்தால் நான் என் சித்திக்குத் துரோகம் செய்தவள் ஆவேன்.

சித்திக்கு 26 வயதில் கணவர் போய்விட்டார். நெற்றியில் திருநீறு. ஆனால் அவள் மீனாட்சி உபாசகி. வெள்ளிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு படத்துக்குக் குங்கும அர்ச்சனை செய்வாள். அந்தக் குங்குமத்தை அவளால் கடைக்குப் போய்க் கேட்க முடியவில்லை. ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அண்ணாச்சி எல்லோரையும் கேட்பது போலத்தான், "எதுக்கும்மா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு அவள் போகவில்லை. என்னை அனுப்பினாள்.

"யாருக்குப்பா குங்குமம்?"

"அப்பத்தாவுக்கு."

பத்து வயதில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். ஒவ்வொரு மாதமும் சொன்னேன். மஞ்சளில் எலுமிச்சைச் சாறும் படிகாரமும் வெண்காரமும் சேர்த்து ஊறவைத்துச் செய்த நல்ல குங்குமத்தைத் தேடி எடுத்து அண்ணாச்சி மடித்துக் கொடுப்பார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்தும் சும்மா இருந்தாரா, தெரியவே இல்லையா என்று இனிக் கேட்க வழியில்லை.

பிள்ளை இல்லாத பெண்ணிடமும் அதே கேள்வி. வேற்றுச் சாதிப் பையன் வலம்புரிச் சங்கு கேட்டால் அதே கேள்வி, குரல் மட்டும் கொஞ்சம் வேறு. காரில் வந்து இறங்கியவருக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலை. சில கடைகளில் எதுக்கு என்று கேட்பது பயத்தைக் கிளறி இன்னும் நாலு பொருளைத் தலையில் கட்டுவதற்கான வாசலாக இருந்தது. எங்கள் அண்ணாச்சி நல்லவர். எல்லாக் கடையிலும் அண்ணாச்சி இல்லை.

2019 வாக்கில் நான் சித்திக்குக் கைபேசியில் பொருள் வாங்கச் சொல்லிக் கொடுத்தேன். அவள் தானாகத் தேடி வாங்கிய முதல் பொருள் தாழம்பூக் குங்குமம். பெட்டி வந்தது. முகவரியும் பணமும் தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை. 60 வயதைத் தாண்டிய பெண் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "ஒருத்தரும் எதுக்குன்னு கேக்கலடி" என்றாள். நான் இணையக் கடையைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும் அந்த வாசகத்தைத் தாண்டி என்னால் போக முடியாது.

*

2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குப் பக்கம் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த பூசைச் சாமான் கடைகளும் பொம்மைக் கடைகளும் எரிந்தன. எரிந்தது சரக்கு மட்டும் என்றால் மறுபடி வாங்கி அடுக்கியிருக்கலாம். வெப்பம் தாங்காமல் கல்லே வெடித்துச் சரிந்தது. நூற்றாண்டுகளாக நின்ற தூண்கள் ஓர் இரவில் விழுந்ததை மதுரைக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு கோயில்களுக்குள் கடை வேண்டாம் என்று உத்தரவுகள் வந்தன. கோயிலுக்கு எதிரே இருந்த புது மண்டபத்துக் கடைகளும் சில ஆண்டுகளில் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் எழுந்த புது வளாகத்துக்கு மாறின.

அது சரியான காரியம். சிலையின் தோளில் ஆணியடித்து மாலை தொங்கவிட்ட காலம் திரும்ப வேண்டாம். கல்லுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். ஆனாலும் ஷட்டர் போட்ட, ட்யூப்லைட் எரியும் புதுக் கடையில் அண்ணாச்சியின் மகனை முதன்முறை பார்த்தபோது அவர் உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். கை நீட்டினால் எட்டிய டப்பாக்கள் இப்போது கண்ணாடி அலமாரியில் நாலடி தள்ளி இருந்தன.

இடையில் 2020 வந்தது. கோயில்கள் சாத்திக் கிடந்தன. பூசைக் கடைகளும் சாத்திக் கிடந்தன. ஆடியும் நவராத்திரியும் எதற்கும் காத்திருக்கவில்லை. கடைவீதியையே மிதிக்காமல் பண்டிகை கொண்டாட முடியும் என்று அந்த ஆண்டுதான் பல வீடுகள் கற்றுக்கொண்டன. சபரிமலைப் பிரசாதத்தையே அஞ்சல் துறை வீட்டுக்குக் கொண்டுவந்தது. கற்றுக்கொண்டதை யாரும் மறக்கவில்லை.

*

என் அண்ணன் மகள் பெங்களூரில் கணினி வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கடை என்றால் கைபேசிதான். போன ஆண்டு கருங்காலி மாலை வாங்கினாள். சினிமாக்காரர்கள் கழுத்தில் கண்டதில் இருந்து தமிழ்நாடு முழுக்கக் கருங்காலி அலை. திண்டுக்கல் மாவட்டத்துப் பாதாள செம்பு முருகன் கோயிலில் வாங்கி அணிந்த மாலை ஒரு பக்கம், இணையத்தில் நூறு பெயரில் நூறு விலையில் விற்கும் மாலை மறுபக்கம்.

அவள் வாங்கியதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் வியர்வை பட்டுச் சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கிவிட்டது. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று காணொளி பார்த்தாள். தண்ணீரில் நிறம் இறங்கினால் அசல் என்கிறது ஒன்று. இறங்கினால் போலி என்கிறது அடுத்தது. குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. கருங்காலி என்ற பெயர் ஒரு மரத்தோடு நிற்பதில்லை. சித்த மருத்துவம் கருங்காலி என்பது காசுக்கட்டி தரும் மரத்தை. மரவேலைக்காரர்கள் கருங்காலி என்பது எபனி என்று உலகம் அழைக்கும் கருமரத்தை. எந்த மரம் வேண்டும், எதுக்கு வேண்டும் என்று கேட்காமல் விற்றால் இரண்டு காணொளியும் உண்மைதான், இரண்டும் பொய்தான்.

"திருப்பி அனுப்பிடேன்" என்றேன்.

"சாமி முன்னாடி வச்சுக் கும்பிட்டுட்டேனே அத்தை. அதை அவங்க இன்னொருத்தருக்கு வித்துட்டா?"

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பது செருப்புக்கும் சட்டைக்கும் நல்ல விதி. வேண்டிக்கொண்டு கழுத்தில் போட்ட மாலைக்கு அது எப்படிப் பொருந்தும்? அதே விதியால் நமக்கு வருவதும் யாரோ வேண்டிக் கழற்றிய மாலையாக இருக்கலாம். அவள் அதை வைகையில் விட்டுவிடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

அவளிடம் டாரோ சீட்டுக்கட்டும் இருக்கிறது. எங்கள் தலைமுறைக்குச் சீட்டு எடுத்துப் பலன் சொன்னது கிளி. கோயில் வாசலில் கூண்டைத் திறந்தால் நடந்து வந்து ஒரு சீட்டை அலகால் இழுத்துப் போடும். உள்ளே முருகனோ மாரியம்மனோ இருப்பார்கள். காட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது சட்டப்படி குற்றம் என்பதால் கிளி ஜோசியம் இன்று அபூர்வமாகிவிட்டது. டாரோ வேறு ஊர்ப் பிள்ளை. 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்து, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் குறி சொல்லத் தொடங்கியது. மொத்தம் 78 சீட்டு. 22 பெரியவை, 56 சிறியவை. கிண்ணம், வாள், கோல், நாணயம் என்று நாலு குலம். இன்று உலகெங்கும் புழங்கும் படங்கள் 1909ல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்டவை. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் யோசனை சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தார். வெகுகாலம் அந்தக் கட்டுக்கு வெளியீட்டாளர் பெயரும் வெய்ட் பெயரும்தான் இருந்தன, வரைந்தவள் பெயர் இல்லை.

இதை மதுரைக் கோயில் தெருவில் எந்தக் கடையில் போய்க் கேட்பாள்? இணையம்தான் அவளுக்கு வழி. 300 ரூபாய்க்கு வந்த முதல் கட்டு போலி. காகிதம் மெலிசு, நிறம் மங்கல். விளக்கப் புத்தகத்துக்குப் பதிலாக ஸ்கேன் செய்யச் சொல்லி ஒரு கட்டம். ஓவியரின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் வருத்தப்பட்டது காசுக்காக இல்லை. "வரைஞ்சவங்களுக்கு இதுல ஒண்ணும் போகாதுல்ல அத்தை" என்றாள். பிறகு தேடிப்பிடித்து அசலை வாங்கி, என்னிடம் கொடுத்து, திரும்பத் தன் கையில் கொடுக்கச் சொன்னாள். முதல் கட்டை ஒருவர் பரிசாகத் தர வேண்டும் என்று டாரோக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டாம். எனக்கு அப்பத்தாவின் கைராசி நினைவு வந்தது. ஊர் வேறு, சாமி வேறு; ஒரு கையில் இருந்து வர வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான்.

லண்டன் செசில் கோர்ட் சந்தில் இத்தகைய நூல்களுக்கும் சீட்டுகளுக்கும் என்றே வாட்கின்ஸ் என்றொரு கடை 1890களில் தொடங்கி இன்றும் நடக்கிறது. 2010ல் அது மூடப்பட்டு, அதே ஆண்டு புதிய உரிமையாளர் கையில் மறுபடி திறந்தது. அங்கேயும் இதே கதைதான் என்று தெரிந்தபோது மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

*

போலி இணையத்தில் பிறந்ததல்ல. இரண்டு ருத்திராட்சத்தை ஒட்டி ஒன்றாக்குவதும் இல்லாத முகத்தை அரத்தால் கீறி உண்டாக்குவதும் பழைய தொழில். ஐந்துமுகம் தாராளமாகக் காய்ப்பதால் மலிவு. அரிய முகங்களில்தான் ஏமாற்று. தண்ணீரில் மூழ்கினால் அசல் என்பது நம்பத் தகுந்த சோதனை இல்லை. காய்ந்த அசல் மிதக்கும், ஈயம் வைத்த போலி மூழ்கும். எத்தனை முகமோ அத்தனை விதையறை உள்ளே இருக்க வேண்டும். அதை எக்ஸ்ரே சொல்லும்.

வலம்புரிச் சங்கும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கும் சங்குகள் ஏறத்தாழ எல்லாமே இடம்புரி. வலம்புரி அபூர்வத்திலும் அபூர்வம். அமெரிக்கக் கரையோரம் ஒரு வகைக் கடல் நத்தை இருக்கிறது. அதன் ஓடு இயல்பிலேயே வலம்புரிபோலச் சுழியும். அது இங்கே வந்து வலம்புரிச் சங்காகிவிடுகிறது. வாய்க்குள் விரலை விட்டால் அசல் சங்கின் நடுத்தண்டில் மடிப்பு மடிப்பாகத் தட்டுப்படும். அந்த நத்தையில் தட்டுப்படாது. விரலைப் படத்துக்குள் விட முடியாதே.

இணையம் போலிக்கு வேகத்தைக் கொடுத்தது. 2017ல் வனவிலங்கு ஆர்வலர்கள் ஒரு செய்தியை வெளியே கொண்டுவந்தார்கள். செல்வம் தரும் அபூர்வ வேர், ஹத்தா ஜோடி என்று சொல்லிப் பெரிய இணையச் சந்தைகளில் விற்கப்பட்ட பொருளைச் சோதித்தால், அது உடும்பு இனத்தின் ஆணுறுப்பைக் காயவைத்தது. கைகூப்பியது போல இருக்கும் அதைப் பூசை அறையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கும் உயிர். நரிக்கொம்பு என்று தெருவில் விற்பதும் இதே பாவம்தான். ஆனால் தெருவில் விற்றவர் ஊர் ஊராக நடக்க வேண்டியிருந்தது.

2024 ஜனவரியில், அயோத்தி ராமர் கோயில் பிரதிஷ்டைக்கு முன்பே, அந்தக் கோயில் பிரசாதம் என்ற பெயரில் இனிப்புகள் அமேசான் தளத்தில் விற்பனைக்கு வந்தன. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பிரசாதம் என்றால் சாமிக்குப் படைத்துத் திரும்பி வந்தது. படைக்காததை அந்தப் பெயரில் எப்படி அழைப்பது?

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஒரு நாள் மனம் சரியில்லாமல் திருஷ்டிக்குப் படிகாரம் தேடினேன். அன்றில் இருந்து என் கைபேசி எனக்குத் திருஷ்டி மேல் திருஷ்டியாகக் காட்டிக்கொண்டே இருக்கிறது. இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள் என்கிறது. வாஸ்து தோஷம், பித்ரு தோஷம், எதிரி பயம். அண்ணாச்சி சீட்டில் இருந்ததை அடித்தார். இது இல்லாததை எழுதுகிறது. பயந்து வருகிறவரிடம் "இது போதும், போய்க் கும்பிடு" என்று சொல்லி அனுப்புவதும் அந்த வியாபாரத்தில் பாதியாக இருந்தது. அந்தப் பாதியை எந்தப் பெட்டியிலும் போட்டு அனுப்ப முடியவில்லை.

*

அண்ணாச்சியின் மகன் இப்போது வாட்ஸ்அப்பில் சீட்டு வாங்குகிறார். ஐயர் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். துபாய்க்கும் டொராண்டோவுக்கும் பெட்டி போகிறது. பணம் கியூஆர் கோடில். படிக்கப் போன பிள்ளைக்குச் சரஸ்வதி பூசைச் சாமான் அனுப்பும்போது கொசுறு வில்லையைத் தனித் தாளில் மடித்து வைக்கிறார். ஆனால் படம் பார்த்ததும் உடனே பெட்டி கட்டமாட்டார். கூப்பிடுவார். "அக்கா, இது எதுக்கு? சமித்து ரெண்டு எழுதியிருக்கு." எனக்கு அது போதும். "எனக்கே வேண்டியதுதான், விவரம் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் மேலே கேட்பதில்லை என்றார். அப்பா கற்காத ஒன்றை மகன் கற்றிருக்கிறார்: கேட்கவும் வேண்டும், சொல்லாமல் இருக்க விடவும் வேண்டும்.

இந்த ஆண்டு மாசியில் சித்தி போய்விட்டாள். தலைமாட்டில் தாழம்பூக் குங்குமப் பெட்டி பாதி தீர்ந்திருந்தது. நிறைந்திருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, எனக்குச் சிரமம் வேண்டாம் என்று அண்ணன் மகள் பெங்களூரில் இருந்தே ஓர் இணையக் கடையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். மறுநாளே வந்தது. எள், தர்ப்பை, நவதானியம், எதுவும் குறைவில்லை, சுத்தமாக இருந்தது. மேலே பளபளவென்று ஓர் அட்டை. உங்கள் கொண்டாட்டத்தில் எங்களையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி, விரைவில் மீண்டும் சந்திப்போம் என்று அச்சடித்திருந்தது. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அட்டையைத்தான் கிழிக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் கையில் வைத்திருந்தேன்.

ஐயர் வந்து பார்த்துவிட்டு, பஞ்சகவ்யப் பொடி விட்டுப்போயிருக்கிறது என்றார். கடைக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. வழக்கமான கேள்வி வரவில்லை.

"யாருக்கா?"

"சித்தி."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின்னால் மாசி வீதி வண்டிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. "எங்கப்பா சொல்லுவாரு" என்று ஆரம்பித்தார். "உங்க வீட்டுச் சின்னப்பிள்ளை மாசாமாசம் குங்குமம் வாங்கிட்டுப் போகும். நல்லதாப் பாத்து எடுத்து வைடா, கேக்காதடான்னு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அரை மணியில் ஒரு பையன் வண்டியில் வந்தான். பொட்டலத்தை என் கையில் கொடுக்கவில்லை. திண்ணையில் வைத்தான். காசும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான்.